மதுரையில் கமிஷனர், எஸ்.பி., ஐ.ஜி.: யார் எல்லை எதுவரை, இந்தத் துறை எங்கிருந்து வந்தது

கேள்வி இதுதான்: "மதுரைக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. ரிங் ரோடு ஓரமாக நிறுத்திய பைக் திருடு போனது. ஒரு ஸ்டேஷனில் 'இது எங்க லிமிட் இல்லை' என்றார்கள். அடுத்த ஸ்டேஷனிலும் அதையே சொன்னார்கள். கமிஷனர், எஸ்.பி., டி.ஐ.ஜி., ஐ.ஜி. என்று இத்தனை பேர் ஒரே ஊரில் இருக்கிறார்களே, யார் எதற்குப் பொறுப்பு? மதுரை போலீஸ் எப்படி உருவானது? ஏன் அடிக்கடி சர்ச்சையில் அடிபடுகிறது?"

நான் மதுரையில் இருபது வருடத்துக்கு மேலாக வழக்கறிஞராக இருக்கிறேன். பெரும்பாலும் குற்ற வழக்குகள்தான். அதனால் ஸ்டேஷன் வாசலிலும் கோர்ட் வராந்தாவிலும் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளும். உங்கள் பைக்குக்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் "எங்க லிமிட் இல்லை" என்ற அந்த ஒரு வரிக்குப் பின்னாலேயே பெரிய கதை இருக்கிறது.

முதலில் பழைய காலம். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்தில் சம்பளம் வாங்கும் போலீஸ் என்று எதுவும் கிடையாது. காவல் என்பது ஓர் உரிமை. தலையாரி ஊருக்குள் பார்த்துக்கொள்வார். காவல்காரர்கள் ஊரையும் வழியையும் காத்துக் கூலி வாங்குவார்கள். மாடு களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். களவு போனதை மீட்டுத் தருவதற்கு வாங்கியது துப்புக்கூலி. சுற்றுக் கிராமத்துக் காவல்காரர்கள் மதுரை நகரத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும்கூட இப்படிக் காவல் பார்த்திருக்கிறார்கள்.

கம்பெனி ஆட்சி வந்ததும் வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே கைக்குப் போயின. 1816க்குப் பிறகு கலெக்டரே மாஜிஸ்திரேட், தாசில்தாரே போலீஸ் தலைவர். கிஸ்தி கட்டாதவனை அடிக்கவும் திருடனை அடிக்கவும் அதே சேவகர்கள்தான். என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, அரசாங்க அறிக்கையே இருக்கிறது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1855இல் அறிக்கை வந்தது. விரல்களைக் கட்டைக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டும் அண்ணாந்தாள் என்று ஒவ்வொன்றும் பெயரோடு அதில் பதிவாகியிருக்கிறது. கிட்டியும் அண்ணாந்தாளும் தமிழ்ச் சொற்கள். லண்டன் வரைக்கும் அந்த அறிக்கை அதிர்ச்சியை உண்டாக்கியது.

அதற்குப் பிறகுதான் போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்து, 1859இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். மாவட்டத்துக்கு ஒரு சூப்பரின்டெண்டன்ட், அவருக்கு மேலே மாகாணத் தலைமை. இன்றைக்கு மதுரை மாவட்ட எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் நாற்காலி அங்கிருந்து வந்தது. இந்தத் துறை பிறந்ததே ஒரு சித்திரவதை அறிக்கைக்குப் பிறகுதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போகிற பாதிச் சர்ச்சை அங்கேதான் போய் நிற்கிறது.

புதிய போலீசுக்கும் பழைய காவலுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. காவல் கூலி வாங்குவதே குற்றம் என்ற பார்வை வலுத்தது. அதன் உச்சம் குற்றப் பரம்பரைச் சட்டம். வடக்கே 1871இல் வந்த அந்தச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கி, சில வருடங்களில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். இதை இங்கே ரேகைச் சட்டம் என்பார்கள். வயது வந்த ஆண்கள் ரேகை வைக்க வேண்டும். ராத்திரியானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். செய்த குற்றத்துக்காக இல்லை, பிறந்த பிறப்புக்காக.

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். அங்கே நினைவுத் தூண் இருக்கிறது. வருடா வருடம் அந்த நாளில் ஊர் கூடுகிறது. நீங்கள் மதுரையில் இருக்கப் போகிறவர் என்றால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மேற்கே உள்ள கிராமங்களில் வயதானவர்கள் ஸ்டேஷன் என்ற சொல்லை எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதற்கு அங்கே காரணம் கிடைக்கும். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது. அந்தச் சட்டம் இருந்த காலத்திலேயே தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்னும் நடக்கின்றன. அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலர் இன்று அதே போலீசில் வேலை பார்க்கிறார்கள்.

சுதந்திரத்தை ஒட்டி இன்னொரு விஷயம் உண்டு, இப்போது அதிகம் பேர் பேசுவதில்லை. மதுரைச் சதி வழக்கு. 1946 டிசம்பரில் பி. ராமமூர்த்தி, என். சங்கரய்யா உள்ளிட்ட கம்யூனிஸ்ட் தலைவர்களைச் சதி செய்ததாகக் கைது செய்தார்கள். 1947 ஆகஸ்ட் 14ஆம் தேதி, விடிந்தால் சுதந்திரம் என்ற நாளில், வழக்கை விசாரித்த நீதிபதி சிறைக்கே வந்து, போலீஸ் தரப்புச் சாட்சியங்கள் பொய் என்று சொல்லி எல்லாரையும் விடுவித்தார். ஜோடித்த வழக்கு என்று மதுரையில் யாராவது சொன்னால் அதற்குப் பழைய முன்மாதிரி இது.

1965 ஜனவரி 25ஆம் தேதி இந்தி எதிர்ப்பு ஊர்வலம் வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகம் அருகே வந்தபோது மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். அந்தத் தீ மாநிலம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டுப் போராட்டங்களில் பல மதுரையில் பற்றிக்கொண்டு மற்ற ஊருக்குப் போனவை. 2017 ஜனவரியிலும் அப்படித்தான். அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு கேட்டுக் கூடியவர்கள் மீது தடியடி, அலங்காநல்லூரில் விடிய விடிய உட்கார்ந்தவர்கள் கைது, அதற்குப் பிறகுதான் மெரினா நிறைந்தது.

சரி, அமைப்புக்கு வருவோம். உங்கள் கேள்வியின் நடுப்பகுதி இதுதான்.

1990 வரைக்கும் மதுரை நகரமும் எஸ்.பி.யின் கீழேதான் இருந்தது. சென்னைக்கு மட்டும் 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டப்படி கமிஷனர் உண்டு. அந்தச் சட்டத்தை மதுரைக்கும் கோவைக்கும் நீட்டித்து 1980களின் கடைசியில் சட்டம் போட்டார்கள். 1990இல் மதுரை மாநகரக் காவல் ஆணையரகம் வந்தது. அன்றிலிருந்து ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு போலீஸ். நகரத்துக்குக் கமிஷனர், மற்ற இடங்களுக்கு எஸ்.பி.

கமிஷனர் ஐ.ஜி. அந்தஸ்தில் இருப்பவர். அவருக்குக் கீழே வடக்கு, தெற்கு என்று இரண்டு துணை ஆணையர்கள், போக்குவரத்துக்கு ஒருவர், தலைமையிடத்துக்கு ஒருவர். துணை ஆணையருக்குக் கீழே உதவி ஆணையர்கள், ஏ.சி. என்பார்கள். தல்லாகுளம், செல்லூர், திலகர் திடல், அண்ணாநகர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம் என்று சரகத்துக்கு ஒருவர். மீனாட்சியம்மன் கோவிலுக்கே தனியாகக் காவல் நிலையம் உண்டு. நகரத்து ஸ்டேஷனில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் இன்ஸ்பெக்டர், குற்றப் பிரிவுக்கு இன்னொருவர் இருப்பார். திருட்டு, வழிப்பறி எல்லாம் குற்றப் பிரிவு. அடிதடி, மறியல், ஊர்வலம் எல்லாம் சட்டம் ஒழுங்கு. இது தெரியாமல் தப்பான மேஜை முன்னால் நின்றுகொண்டு நாள் முழுக்கக் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எஸ்.பி.க்குக் கீழே மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர், சமயநல்லூர், ஊமச்சிகுளம் என்று உட்கோட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டி.எஸ்.பி. எஸ்.பி.க்கு மேலே மதுரை சரக டி.ஐ.ஜி. அவர் மதுரை, விருதுநகர் எஸ்.பி.க்களைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் மேலே தென் மண்டல ஐ.ஜி. அவர் அலுவலகம் மதுரையில் இருந்தாலும் கன்னியாகுமரி வரைக்கும் பத்து மாவட்டங்கள் அவர் பொறுப்பு. ஆனால் மதுரை நகரத்துக்குள் டி.ஐ.ஜி.க்கும் தென் மண்டல ஐ.ஜி.க்கும் நேரடி அதிகாரம் கிடையாது. கமிஷனர் சென்னையில் உள்ள டி.ஜி.பி. அலுவலகத்துக்குப் பதில் சொல்பவர். யார் எதற்குப் பொறுப்பு என்று கேட்டீர்கள். பெரியவர் சின்னவர் என்பதைவிட, யார் எந்தக் கோட்டுக்குள் என்பதுதான் கேள்வி.

அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிய பொங்கலைப் பாருங்கள். அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்குக் கமிஷனர் பந்தோபஸ்து. பாலமேட்டுக்கும் அலங்காநல்லூருக்கும் எஸ்.பி. பந்தோபஸ்து. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கும்போது எஸ்.பி. லிமிட்டில் இருக்கிறார். மூன்றுமாவடியில் எதிர்சேவை ஆகி, தல்லாகுளம் வந்து, ஆற்றில் இறங்கும்போது கமிஷனர் லிமிட். ஒத்தக்கடையும் நாகமலை புதுக்கோட்டையும் பார்ப்பதற்கு ஊரோடு ஒட்டி இருக்கின்றன, ஸ்டேஷன் மட்டும் மாவட்டப் போலீஸ். 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. ஊர் வளர்ந்த வேகத்துக்குப் போலீஸ் எல்லை வளரவில்லை. ரிங் ரோட்டில் ஒரே சாலையில் சில கிலோமீட்டருக்குள் இந்தக் கோடு வந்து வந்து போகிறது. உங்கள் பைக் மாட்டியது அங்கேதான்.

கமிஷனருக்கும் எஸ்.பி.க்கும் இன்னொரு வேறுபாடு அதிகாரத்தில். குண்டர் சட்டம் தெரியுமல்லவா, 1982ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். கிராமப் பக்கம் எஸ்.பி. பரிந்துரை செய்வார், கலெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். நகரத்துக்குள் கமிஷனரே கையெழுத்துப் போடலாம். கைது செய்யும் துறையே காவலில் வைக்கும் உத்தரவையும் போடுகிறது. இது எனக்கு எப்போதுமே நெருடலான விஷயம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் குண்டாஸ் உத்தரவுகள் அடிக்கடி ரத்தாகின்றன. ஆவணத்தின் மொழிபெயர்ப்பைக் கொடுக்கவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்று காரணங்கள் வரும். ஆனால் ரத்தாகும்போது அந்த ஆள் ஏற்கெனவே நாலைந்து மாதம் உள்ளே இருந்திருப்பார்.

2013, 2014இல் இன்னும் ஒரு படி மேலே போய், துணை ஆணையர்களையே நிர்வாக நடுவர்களாக நியமித்து அரசாணை போட்டார்கள். நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவதும், அதை மீறினான் என்று சிறைக்கு அனுப்புவதும் போலீஸ் அதிகாரி கையிலேயே. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. தாசில்தாரே போலீசாகவும் இருந்த காலத்துக்கு எதிராகத்தானே 1859இல் பிரித்தார்கள். போலீசே நடுவராக இருப்பதும் அதே தவறுதான்.

144 என்று இன்றும் சொல்கிற தடை உத்தரவு மட்டும் மதுரையில் கலெக்டர் கையிலேயே இருந்து வருகிறது, நகரத்துக்கும் சேர்த்து. 2025 பிப்ரவரியில், கோவிலும் தர்காவும் உள்ள திருப்பரங்குன்றம் மலை பற்றிய விவகாரத்தில் தடை போட்டவர் கலெக்டர். அதே வருடம் டிசம்பர் 3ஆம் தேதி மலை மேல் கார்த்திகை தீபம் ஏற்ற உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அனுமதித்தபோதும், கலெக்டரின் தடை உத்தரவைக் காட்டித்தான் போலீஸ் தடுத்தது. அந்த வழக்கில் எந்தப் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு சாதாரண காவலர் அன்று மலையடிவாரத்தில் கோர்ட் உத்தரவுக்கும் கலெக்டர் உத்தரவுக்கும் நடுவே நின்றார் என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் காவலரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் முதல்நிலைக் காவலராகி, ஏட்டாகி, சிறப்பு எஸ்.ஐ. ஆக ஏறக்குறைய 25 வருடம் ஆகும். பெரும்பாலோர் அங்கேயே ஓய்வு பெறுவார்கள். மதுரையில் வேலை பார்ப்பது என்றால் வருடம் முழுக்கப் பந்தோபஸ்து. சித்திரைத் திருவிழா, தெப்பம், ஆவணி மூலம், அக்டோபர் 30 தேவர் ஜெயந்திக்குக் கோரிப்பாளையம் சிலை, வி.ஐ.பி. வருகை, கட்சி மாநாடு. மற்ற மாவட்டத்திலிருந்து வருபவர்கள் கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் படுத்து எழுகிறார்கள். பெண் காவலர்களுக்கு எட்டு மணி நேரம் நின்றும் கழிப்பறை கிடைக்காது. 2021இல்தான் காவலர்களுக்கு வார விடுமுறை என்று அரசாணையே வந்தது. அதுவும் பந்தோபஸ்து வந்தால் காற்றில் போய்விடும். 2022 ஏப்ரலில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் திட்டமிடல் கொஞ்சம் பிசகினாலும் உயிர் போகும் என்று அன்று ஊரே பார்த்தது. ஸ்டேஷனில் ஆள் இல்லை என்று சொன்னால் பாதி நேரம் அது உண்மை. பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்கள். புகார் கொடுக்க வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

இனி சர்ச்சைகள். எல்லாவற்றையும் சொல்ல முடியாது, எனக்கு முக்கியமாகத் தோன்றுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

1997 ஜூன் 30. மேலூர் பக்கம் மேலவளவு. தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவியில் ஜெயித்த முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். கலெக்டர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மிரட்டல் இருப்பது அரசாங்கத்துக்கும் போலீசுக்கும் தெரியாத விஷயமல்ல. தேர்தலையே பலமுறை நடத்த விடாமல் செய்திருந்தார்கள். தெரிந்திருந்தும் அந்தப் பேருந்தில் ஒரு காவலர்கூட ஏன் பாதுகாப்புக்கு இல்லை என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை மனம் ஒப்பும் பதில் கிடைக்கவில்லை.

2003 மே 20. முன்னாள் அமைச்சர் தா. கிருட்டிணன் கே.கே. நகரில் காலை நடைப்பயிற்சியின்போது வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கு ஆந்திராவின் சித்தூருக்கு மாற்றப்பட்டது. 2008இல் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் விடுதலை. அப்படியானால் கொன்றது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2007 மே 9. இதுதான் மதுரை போலீசின் மேல் விழுந்த ஆழமான கறை என்று நான் நினைக்கிறேன். அரசியல் வாரிசு பற்றிய கருத்துக் கணிப்பு ஒன்று தினகரன் நாளிதழில் வந்ததற்காக உத்தங்குடியில் அதன் அலுவலகத்தைப் பட்டப்பகலில் தாக்கி, பெட்ரோல் குண்டு வீசினார்கள். மூன்று ஊழியர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். போலீஸ் அங்கேயே இருந்தது. தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். சி.பி.ஐ. விசாரித்து, 2009இல் மதுரை நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. பத்து வருடம் கழித்து, 2019 மார்ச்சில் மதுரைக் கிளை அந்தத் தீர்ப்பை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அன்று பணியில் இருந்த போலீஸ் அதிகாரி ஒருவரையும் குற்றவாளி என்றது. கூட்டத்தைக் கண்டு கை கட்டி நின்றதும் குற்றம்தான் என்று ஒரு நீதிமன்றம் சொன்னது இந்த ஊருக்கு மிகவும் தேவைப்பட்ட தீர்ப்பு.

மேலூர் பக்கம் சட்டவிரோதமாகக் கிரானைட் வெட்டிய விவகாரத்தில் 2012க்குப் பிறகு மாவட்டப் போலீஸ் வரிசையாக வழக்குப் போட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் 2015 செப்டம்பரில் நரபலிப் புகாருக்காக மயானத்தைத் தோண்ட வந்த விசாரணை அதிகாரி சகாயம், தடயம் கலைந்துவிடுமோ என்று இரவு முழுக்க அந்த மயானத்திலேயே படுத்திருந்தார். ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே அந்த நிலை.

என்கவுன்டர்கள் தனி வரிசை. 2010 பிப்ரவரியில் இரண்டு பேர், 2018 மார்ச்சில் சிக்கந்தர் சாவடியில் இரண்டு பேர், 2025 மார்ச் கடைசியில் ஒருவர். ஒவ்வொரு தடவையும் ரவுடிகள் அரிவாளால் தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்பதே விளக்கம். ஒவ்வொரு தடவையும் ஊரில் ஒரு பகுதி கைதட்டுகிறது. கீரைத்துறையிலும் ஜெய்ஹிந்துபுரத்திலும் பழிக்குப் பழி கொலைகளைப் பார்த்துச் சலித்த ஜனங்களின் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் சுட்டுத் தீர்க்கிற இடத்தில் யார் ரவுடிக்குப் பணம் கொடுத்தார், யார் ஏவினார் என்ற விசாரணையும் சேர்ந்து செத்துப் போகிறது. அதில் ஆதாயம் யாருக்கு என்பதை யோசித்துப் பாருங்கள்.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் தொந்தரவு செய்வது லாக்கப். ரிமாண்டுக்கு ஆளைக் கொண்டுவரும்போது கையில் மாவுக்கட்டு இருக்கும். கேட்டால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்பார்கள். ஒரு தடவை இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையனுக்காக நான் ஆஜரானேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல விரும்பவில்லை. உனக்கு என்ன ஆச்சு என்று நடுவர் கேட்டார். பையன் பின்னால் நின்ற ஏட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, விழுந்துட்டேன் என்றான். அந்தத் திரும்பிப் பார்த்ததை நடுவரும் பார்த்தார். போலீசை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டார். அப்போதுதான் அவன் அழ ஆரம்பித்தான். எல்லா நடுவர்களும் அப்படி வெளியே அனுப்பிக் கேட்பதில்லை.

2019இல் எஸ்.எஸ். காலனி காவல் நிலையத்துக்கு விசாரணைக்குக் கொண்டுபோன 17 வயதுச் சிறுவன் இறந்தான். ஆறு வருடம் போராடி 2025இல்தான் அந்த வழக்கில் போலீசாருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. சாத்தான்குளம் தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் அந்த வழக்கு மதுரையோடு சேர்ந்தது. 2020 ஜூனில் தந்தையும் மகனும் இறந்ததும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நடுவரை ஸ்டேஷனுக்கே அனுப்பியது. அங்கே போலீஸ் ஒத்துழைக்கவில்லை, நடுவரையே ஒருமையில் பேசினார்கள். அதைக் கேட்ட நீதிமன்றம், அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. எதற்காக 1859இல் போலீசை வருவாய்த் துறையிடமிருந்து பிரித்தார்களோ, அதே காரணத்துக்காக 2020இல் ஒரு ஸ்டேஷனைத் திருப்பி வருவாய்த் துறையிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. அன்று உள்ளே நடந்ததைத் துணிந்து சொன்னவர் அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர். அவர் வாய் திறக்காவிட்டால் அதுவும் இன்னொரு வழுக்கி விழுந்த கதையாகியிருக்கும்.

ஐந்து வருடம் போனது. 2025 ஜூன் கடைசியில் மதுரையை ஒட்டிய மடப்புரத்தில், கோவில் காவலாளியாக இருந்த இளைஞர் நகை திருட்டுப் புகாரில் தனிப்படைப் போலீசார் அடித்ததில் இறந்தார். எஃப்.ஐ.ஆர். கூடப் பதியவில்லை. யாரோ ஒருவர் ஒளிந்திருந்து எடுத்த வீடியோதான் மறுக்க முடியாத சாட்சி. போலீசார் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, முறைப்படி அமைக்காத தனிப்படைகளைக் கலைக்க டி.ஜி.பி. உத்தரவு போட்டார். எந்தக் கணக்கிலும் இல்லாமல் ஓர் அதிகாரியின் வாய்மொழியில் இயங்கிய தனிப்படைகள் அதுவரை எத்தனை வருடம் ஓடின என்று யோசித்தால் வேதனையாக இருக்கிறது.

2004 ஜூலை 24இல் மதுரைக் கிளை தொடங்குவதற்கு முன்பு இப்படி ஒரு சாவு நடந்தால் குடும்பம் ராத்திரி ரயில் ஏறிச் சென்னை போய் வக்கீல் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் போகவே மாட்டார்கள். இப்போது காலையில் செத்தால் மாலையில் மனு தாக்கலாகிறது. மதுரையிலிருந்து இயங்கும் மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகள் 1995 முதல் இந்தக் குடும்பங்களோடு நிற்கின்றன. மதுரை போலீஸ் கெட்டுப்போனதால் சர்ச்சை அதிகம் என்று நீங்கள் நினைக்கலாம். என் கணிப்பில், அன்றைக்கும் இதே அளவு நடந்தது, இன்றைக்குக் கேட்க ஆள் இருக்கிறது, அதனால் வெளியே வருகிறது. நல்ல அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள், நானே கைகூப்பிய இன்ஸ்பெக்டர்கள் உண்டு. ஆனால் அவர்கள் மாற்றலாகிப் போனதும் ஸ்டேஷன் பழையபடி ஆகிவிடுகிறது. மாறிய இடங்களில் எல்லாம் வெளியிலிருந்து ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறார்.

அப்புறம், உங்கள் பைக். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, சம்பவம் எந்த லிமிட்டில் நடந்தாலும் நீங்கள் போகிற ஸ்டேஷன் புகாரை வாங்கியாக வேண்டும். அவர்கள் பூஜ்ய எண்ணில் எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். எந்த லிமிட் என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை, உங்கள் வேலை இல்லை. இன்ஷூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயம் வேண்டும், புகார் வந்தது என்பதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போதாது. புகாரை எழுத்தில் கொண்டு போங்கள், வண்டி எண், இன்ஜின் எண், நிறுத்திய இடம், நேரம் எல்லாம் எழுதி, ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகர எல்லை என்றால் துணை ஆணையருக்கு, வெளியே என்றால் எஸ்.பி.க்கு. இரண்டுக்கும் அனுப்பினாலும் தவறில்லை. அதற்கும் நடவடிக்கை இல்லையென்றால் தபால் ரசீதோடு, 175ஆம் பிரிவில் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம், விசாரிக்கச் சொல்லி நடுவர் உத்தரவிடலாம். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். முதலில் சி.எஸ்.ஆர். ரசீதுதான் தந்தார்கள் என்றால், அதில் எண், தேதி, கையெழுத்து, ஸ்டேஷன் முத்திரை நான்கும் இருக்கின்றனவா என்று வாசலைத் தாண்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.